வானம் திறந்து கிடக்கிறது

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு வரைபடத்தை முடிக்க முடியாத எரிச்சலில் பிறந்தது. பெரம்பலூரில் இன்ஜினியர் சிங்காரவேலு சாரின் ஆபீசில் வீட்டு வரைபடம் போடுகிறவன் நான். லெப்பைக்குடிக்காடு ஃபஹ்மிதா வீட்டின் அஸ்திவாரத் தாள் மட்டும் மூன்று வாரமாக வெள்ளையாகவே இருந்தது. மேஸ்திரியோ அவசரப்பட்டுப் பள்ளத்தையே தோண்டிவிட்டார்.

(முதலில் 'மேகம் திரண்ட ஒரு மாலையில்' என்று ஆரம்பித்தேன். நடந்தது காலை பத்தரை மணிக்கு. அடித்துவிட்டேன்.)

2.

சார் அவளிடம் கேட்டது ஒரே கேள்வி.

"மேல மாடி வருமாம்மா? வராதுன்னா செவுத்துக்கு அடியிலயே நீளமா கல்லு கட்டிடலாம். வரும்னா தூணுக்குத் தூண் ஃபுட்டிங் போடணும். பின்னாடி மாத்த முடியாது."

கீழே கடை, மேலே வீடு என்று கல்யாணமான புதிதில் அவள் கணவர் அன்சார் சொல்லியிருந்தார். அவர் ஊரோடு வந்தால்தான் மாடி. சவூதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. 'எப்ப வருவீங்க' என்று கேட்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். இப்போது அஸ்திவாரத்தைச் சாக்கு வைத்துக் கேட்கலாம். [இந்த இடத்தில் அவளை அழவைக்கப் பார்த்தேன். மாட்டேன் என்றுவிட்டாள். அழுதிருந்தால் எனக்கு எழுத வசதியாக இருந்திருக்கும்.]

3.

ஆபீசிலிருந்தே அன்சாரைக் கூப்பிட்டு, சாரும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"மச்சான், வானம் தொறந்தே கெடக்கு.* என்ன செய்யட்டும்?"

"அல்ஹம்துலில்லாஹ். மழை இல்லைல்ல? வேலைய சீக்கிரம் முடிக்கச் சொல்லு."

அவள் முகம் மாறியது.

"மேல இருக்குற வானம் இல்ல மச்சான். நம்ம வூட்டு வானம். மாடி போடலாமா, வேணாமா?"

"நெட்டு சரியில்ல ஃபஹ்மி. அப்புறம் பேசுறேன்."

*அஸ்திவாரத்துக்குத் தோண்டும் பள்ளத்துக்கும் எங்கள் பக்கம் வானம் என்றுதான் பெயர். அன்சாருக்கு அது மறந்துபோயிருந்தது.

4.

முடிவுகள் பலவற்றை யோசித்தேன். சுவரடிக் கல் என்றால் கதை அன்றே முடிந்துவிடும். வீடு முழுவதற்கும் ஒரே தளமாக ராஃப்ட் போட, அது உப்பி இறங்கும் கரிசல் மண்ணும் இல்லை. எனக்குப் பிடித்தது கூட்டு ஃபுட்டிங். இரண்டு தூண்களும் ஒரே பாதத்தில் நிற்கும். ஆசையாக வரைந்து சாரிடம் நீட்டினேன்.

"யோவ், தூண் ரெண்டும் கிட்டக்க இருந்தாத்தான்யா இதைப் போடுவாங்க. இங்க பதினாலடி தள்ளி நிக்குது."

எதிரே உட்கார்ந்திருந்த ஃபஹ்மிதா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"தூணுக்குத் தூணே போடுங்க சார். மாடி வர்றப்ப வரட்டும். தூண் கம்பிய மட்டும் வெட்டாம மேல நீட்டி விட்ருங்க."

5.

அப்படியே வரைந்து கொடுத்தேன். வீடும் எழும்பிவிட்டது. அதற்கு மேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் லெப்பைக்குடிக்காடு பக்கம் போனால் அந்த மொட்டை மாடியை ஒருமுறை பாருங்கள். கம்பி இன்னும் நீட்டிக்கொண்டிருந்தால், என்னிடம் சொல்ல வேண்டாம்.