மிச்சத்தைக் கொண்டுவருகிற பாலிசி

கிளாரன்ஸ் ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். எதிரே மடிக்கணினியைத் திறந்து வைத்து, இரண்டு இன்சூரன்ஸ் திட்டங்களை அவருக்குப் படித்துக்காட்டினாள் அவர் மனைவி நோரா. லிங்கராஜபுரத்துப் பள்ளி ஒன்றில் ஆயுசில் பாதியை இங்கிலீஷ் டீச்சராகக் கழித்தவளுக்கு, வியட்நாமில் டா நாங் என்ற ஊரில் அதே வேலை கிடைத்திருந்தது. பிள்ளைகுட்டி இல்லாத வீடு. இருவருமாகவே போய்விடலாம் என்று முடிவு செய்திருந்தார்கள்.

முதல் திட்டத்தில் ஆஸ்பத்திரிச் செலவு தாராளம். ஆனால் இறந்துபோனால் அடக்கம் அங்கேயேதான். இரண்டாவதில் ஆஸ்பத்திரிக்குக் கை கொஞ்சம் இறுக்கம். உடலை ஊருக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள்.

"மொதல்லதயே எடு," என்றார் கிளாரன்ஸ். "செத்தப்புறம் எந்த மண்ணா இருந்தா என்ன? இத்தன வருஷம் இங்க இருந்தும் கன்னடமே எனக்கு ஒழுங்கா வரல. புழுகிட்ட எந்தப் பாஷையில பேசினா என்ன?"

காலையில் ஏஜென்ட் மஞ்சுநாத்திடம் சொல்லிவிடலாம் என்று நோரா கணினியை மூடினாள். காலையில் கிளாரன்ஸ் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே மாரடைப்பு என்றார் டாக்டர். பிதுக்கிய பருப்பு ஃபிரிட்ஜில் இருந்தது. அடக்கம் முடிந்து வந்தவர்களுக்கு யாரோ அதைக் குழம்பு வைத்துப் பரிமாறினார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் புது இடம் கிடையாது. மாமனார் கிடந்த குடும்பக் குழியையே திறந்து மகனையும் வைத்தார்கள். மேலே இன்னும் ஒருவருக்கு இடம் விட்டிருப்பதாகக் குழி வெட்டினவர் சொன்னார். அங்கே நின்றவர்கள் நோராவைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், வருகிறீர்களா இல்லையா என்று டா நாங் பள்ளியிலிருந்து கேட்டார்கள். துணைக்கு வந்து தங்கியிருந்த கிளாரன்ஸின் அக்கா ஆஞ்சலா, போகவே கூடாது என்றாள். வருஷப் பூசையாவது ஆகட்டும், ஜனம் என்ன பேசும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாள். நோராவுக்குப் பேசுவதற்கே அலுப்பாக இருந்தது. இந்த வீட்டில் ஒற்றைத் தட்டைக் கழுவி வைப்பதைவிட, முகம் தெரியாத பிள்ளைகளுக்கு வினைச்சொல் நடத்துவது சுலபம் என்று பட்டது, அவ்வளவுதான். கடைசியில் ஆஞ்சலா மனதில் இருந்ததைச் சொன்னாள்.

"அங்க உனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா? அவன் இங்க, நீ அங்கயா? அந்த எடம் யாருக்கு விட்டிருக்கு?"

நோராவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். கணினியைத் திறந்து இரண்டாவது திட்டத்தை எடுத்தாள். ஆஞ்சலாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. தமிழில் சொல்லப் போனால் நோராவுக்கு நாக்கு புரளவில்லை. இறந்தவர் உடலுக்கு 'மார்ட்டல் ரிமெய்ன்ஸ்' என்று போட்டிருந்தது.

"அழிஞ்சுபோற... மிச்சத்த அவங்களே கொண்டாந்து குடுப்பாங்க, அண்ணி."

"மிச்சமா? நீ என்ன ராத்திரிச் சோறா?"

நோராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆஞ்சலாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள்.

"ஃபாதர் அன்னிக்கு மைக்ல சொன்னாரே, பூதவுடல்னு. அப்படிச் சொல்லு," என்றாள். பிறகு, "எழுதினபடி செய்வாங்களா?" என்று கேட்டாள்.

"செய்வாங்க."

"அப்ப அதையே எடு. ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்க நான் ஜெபமாலை சொல்றேன்."

கிளாரன்ஸ் சொன்னதற்கு இது நேர் எதிர். ஆனால் இருவரும் சேர்ந்து போகிறவர்களாக இருந்தபோது சொன்ன பேச்சு அது. இப்போது ஒருவர் முன்னாலேயே போய்ப் படுத்துவிட்டார். எந்த மண்ணாக இருந்தால் என்ன என்று இனி நோராவால் சொல்ல முடியாது.

மஞ்சுநாத்துக்கு போன் செய்தாள். அவர் கொஞ்ச நேரம் வருத்தம் தெரிவித்தார். பிறகு வேலைக்கு வந்தார்.

"ஃபேமிலி ப்ளான் இனிமே பேடா, வேணாம் மேடம், சிங்கிளா போட்றேன். நாமினி யாரு?"

கணவரின் அக்கா என்றாள். கம்ப்யூட்டரில் அப்படி ஓர் உறவு கிடையாதாம். சிஸ்டர் என்றே போட்டுவிடலாம் என்றார். போனை ஒட்டி நின்ற ஆஞ்சலா, போடச் சொல் என்று தலையாட்டினாள்.

பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார் மஞ்சுநாத். கடைசிப் பக்கத்தை விரித்து வெளிச்சத்துக்குத் திருப்பும்போது நோராவின் கை நின்றது. இதை மாற்ற வேண்டுமா என்று கேட்டாள். அவசியமில்லை, பாஸ்போர்ட் செல்லுகிற வரைக்கும் அப்படியே போகலாம் என்று பதில் வந்தது.

கணவர் பெயர் என்ற இடத்தில் கிளாரன்ஸ் இராஜமாணிக்கம் என்று இருந்தது.