ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்

புறநகரில் வீடு பார்க்க வருகிறவர்களிடம் தரகர் எடுத்த எடுப்பிலேயே சொல்வது, "இங்கேர்ந்து சிட்டிக்கு இருபதே நிமிஷம்" என்பதுதான். சொல்லிச் சொல்லி ஊரில் அவருக்கு 'இருபது நிமிஷம்' என்றே பேர் நிலைத்துவிட்டது. யாராவது வாசலில் வந்து, "இருபது நிமிஷம் இருக்காரா?" என்று கேட்டால், "வெளியே போயிருக்கார், வர ரெண்டு மணி நேரம் ஆகும்" என்று அவர் மனைவி சிரிக்காமல் பதில் சொல்வாள்.

அது சுத்தப் பொய்யும் இல்லை. ஒரு விடுமுறை நாள் விடியற்காலையில், ஈ காக்கா இல்லாத சாலையில், அவருடைய மைத்துனன் காரை விரட்டிக்கொண்டு இருபது நிமிடத்தில் நகர எல்லைப் பலகையைத் தொட்டிருக்கிறான். பலகையைத் தாண்டி நகரம் ஆரம்பிக்க இன்னும் நெடுந்தூரம் இருந்தது என்பது வேறு விஷயம்.

அன்றைக்கு வந்தவர் நில அளவை அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். அளக்காமல் எதையும் நம்பாத ஆள். கூடத்தை டேப் வைத்து அளந்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து வாளி நிரம்பும் நேரத்தைக் கணக்கிட்டார். அவருடைய மனைவி வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு செய்கிறவள். வாயே திறக்காமல் பின்னறை ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

"வீடு சரி. இருபது நிமிஷம்னீங்களே, வாங்க, என் ஆபீஸ் வரைக்கும் போய்ப் பார்த்துடலாம்" என்றார் அளவையாளர்.

காலை எட்டரை மணி. தரகர் வேறு வழியில்லாமல் இருவரையும் ஏற்றிக்கொண்டு காரைக் கிளப்பினார்.

கடைத்தெருவைத் தாண்டவே கால் மணி நேரம் ஆனது. அடுத்து ரயில்வே கேட் மூடியிருந்தது. அளவையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தரகர் ஆகாயத்தைப் பார்த்தார். ஒரு சரக்கு ரயில் நிதானமாகப் போனது. கேட் திறக்கவில்லை. எதிர்த் திசையில் இன்னொன்று வந்தது. முன்னால் ஸ்கூட்டரில் இருந்த டீச்சர் பரீட்சைத் தாள்களை மடியில் வைத்துத் திருத்த ஆரம்பித்தாள்.

காய்கறிக்காரி காரின் கண்ணாடியைத் தட்டினாள். "என்ன இருபது நிமிஷம், கேட் போட்டா முக்கா மணி நேரம்னு இவங்ககிட்ட சொன்னீங்களா?"

பக்கத்து பைக்கில் இருந்த பெரியவர் வேறு உற்சாகமாகக் குனிந்தார். "என் மாப்பிள்ளையையே இந்த கேட்லதான் பிடிச்சேன் சார். ஒரு வருஷம் தினமும் பக்கத்துல நின்னான். நல்ல பையன், ஹாரனே அடிக்க மாட்டான்."

அலுவலக வாசலில் கார் நின்றபோது அளவையாளர் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார்: "ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம்."

தரகரின் முகம் தொங்கிப்போனது. "தப்புதான் சார். வாய்ப் பழக்கம்."

பின்சீட்டிலிருந்து முதல் முறையாகக் குரல் வந்தது. "சாயங்காலம் திரும்பி வரவும் இவ்வளவு நேரம் ஆகுமா?"

"கொஞ்சம் கூடவே ஆகும்மா."

"பாலம் கீலம் கட்டப்போறாங்களா?"

எல்லோருக்கும் அடுத்த வருஷமே பாலம் கட்டித் தருகிறவர் தரகர். வாயைத் திறந்துவிட்டு, கண்ணாடியில் அவள் கண்களைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை, ஆசை இருந்தது.

"நம்ம ஆயுசுல வராதும்மா."

"அப்போ இந்த வீட்டையே முடிச்சிடலாம்."

அளவையாளர் அதிர்ந்து திரும்பினார். "விளையாடறியா?"

"நாலரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்து என் நாற்காலிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, இந்த வார்த்தை சரியா, அந்த வார்த்தை சரியான்னு உயிரை வாங்கறீங்க. பதினோரு வருஷமா ஒரு புத்தகத்தைக்கூட நிம்மதியா முடிக்கல. நீங்க அளந்து பார்த்துட்டீங்க, நானும் என் அளவைப் பார்த்துட்டேன்."

அவர் தரகரைப் பார்த்தார். தரகர் இந்த முறையும் ஆகாயத்தையே பார்த்தார்.

குடி வந்த முதல் மாதம் அளவையாளர் கேட்காரரிடம் தினமும் சண்டை போட்டார். இரண்டாம் மாதம் மனு எழுதினார். அதன் பிறகு சத்தமே இல்லை. தரகருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு மாலை அந்தப் பக்கம் போனவர், சாலையோரம் மடக்கு நாற்காலி போட்டு, மாப்பிள்ளை பிடித்த பெரியவரோடு அளவையாளர் செஸ் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். வண்டிகள் சரசரவென்று தண்டவாளத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

"சார், கேட் திறந்தாச்சே!" என்றார் தரகர்.

"திறந்து அரை மணி நேரம் ஆச்சு," என்றார் அளவையாளர், தலை நிமிராமல். "வீட்ல கேட்டா இன்னும் திறக்கலைன்னு சொல்லுங்க."