நான்காவது மூலை

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு குளம் இருந்ததாம். பங்குனி வெயில் ஏறியதும் அது மலையடியில் இருக்கும் தன் தாய்வீட்டுக்குப் போய்விடும். ஆனிக் கடைசியில் நாலு பேர் போய், மூலைக்கு ஒருவராகப் பிடித்து, ஜமுக்காளம் போலத் தூக்கி வருவார்கள். வழியில் கீழே வைக்கக் கூடாது. வைத்த இடத்துக்கே அது சொந்தமாகிவிடும். தூக்குகிறவருக்கு மனசில்லையென்றால் அவர் மூலை தொய்ந்து தண்ணீர் வழியும். கை பலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்த வருசம் ஆட்களைக் கூட்டிப்போகும் பொறுப்பு பூமயிலுக்கு வந்தது. ஊரில் நாற்று சாண் உயரத்தில் வாடிக்கொண்டிருந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் குளம் வராவிட்டால் அவ்வளவுதான்.

முன்னால் தங்கையாவும் ரோசம்மாளும். பின்னால் பூமயிலும் சுடலைமணியும். பாதி வழியில் சுடலைமணியின் மூலை தொய்ந்தது. ஒரு கெளுத்தி மீன் வழுக்கி இறங்கி, மலையைப் பார்த்து நடந்தது.

"ஏலே, கஞ்சி குடிச்சியா இல்லையா? போன வருசமும் ஒன்னாலதான் பாதிக் குளம் ரோட்டுல போச்சு" என்றார் தங்கையா.

மூலை இன்னும் இறங்கியது.

"நிப்போம்" என்றாள் பூமயில். குளத்தைத் தூக்கியபடியே நின்றார்கள். ஒரு பஸ் வந்து, குனிந்து அடியில் புகுந்து போனது.

"கை வலிக்கா தம்பி?"

"இல்லக்கா."

"பின்ன?"

"தெரியலக்கா."

பனைமரத்து நிழல் ரோட்டைக் கடக்கும்வரை காத்து நின்றாள் பூமயில். தங்கையா மட்டும் முனகிக்கொண்டிருந்தார்.

"போன வருசம் ஒம் மூலைய எங்க வச்ச?" என்றாள் பிறகு.

"இலுப்பை மரத்துக்குத் தெக்க, மூணடி தள்ளி. ஒரு சுருக்கம் விழல. ஓரத்த உள்ள மடிச்சு, கல்லு வச்சேன்."

"யாரு பாத்தா?"

முன் மூலைகளை வைத்ததும் மேளம் கொட்டும். கூட்டிவந்தவர் தன் மூலையை வைத்துவிட்டு மாலை வாங்கப் போவார். ஊர் அவர் பின்னாலேயே பந்திக்குப் போய்விடும். நான்காவது மூலையைக் கடைசியில்தான் வைக்க முடியும்.

"இந்த வருசம் நான் பாக்கணும்" என்றாள் பூமயில்.

மூலை மெல்ல ஏறி மட்டத்துக்கு வந்தது. நடந்தார்கள்.

வெயில் மஞ்சளாகும்போது ஊர் வந்தது. மேளம் கொட்டியது. பூமயில் தன் மூலையை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். "மாலை வாடுது மைனி" என்று ரோசம்மாள் வந்து கூப்பிட்டாள். "தங்கையா அண்ணனுக்குப் போடச் சொல்லு. முனகினதுக்கு" என்றாள் பூமயில். அவருக்கே போட்டார்கள். ஊர் பந்திக்குப் போனது. தண்ணீர் வாய்க்காலில் இறங்கி நாற்றங்காலுக்கு ஓடியது.

சுடலைமணி அவசரப்படவில்லை. உள்ளங்கையால் தண்ணீரைத் தடவிச் சுருக்கம் எடுத்தான். ஓரத்தை மடித்தான். கல் வைத்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"நல்லாருக்கு" என்றாள்.

கையைத் தட்டிவிட்டு அவன் போனான்.

பூமயிலும் கிளம்பினாள். அவள் போவதைப் பார்க்க யாரும் இல்லாததால், கரையில் உட்கார்ந்திருந்த இலுப்பை மரம் எழுந்து நின்றது.

"சரி, உக்காரு" என்று திரும்பாமலே சொல்லிவிட்டு, அவள் நடந்து போனாள்.