நாற்காலி இல்லாத எம்.எல்.ஏ.

எம்.எல்.ஏ. அலுவலகத்தில் அவருக்கு மட்டும் நாற்காலி கிடையாது. மனுவோடு வருகிறவர்கள் உட்காருவார்கள். அவர் சுவரோரம் நின்று கேட்பார். "உக்காந்தா தூக்கம் வரும், நின்னா வேலை ஓடும்" என்பார். எதிர்க்கட்சிக்காரர்கள் கேலியாக வைத்த 'கம்பம்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. மூன்று தேர்தலிலும் அவரை அசைக்க முடியவில்லை. வீட்டுக்கு வீடு குடிநீர், பிரசவ வார்டு, ரயில் பாதைக்கு மேல் பாலம். வாய்ச்சொல் வீரர் இல்லை, செய்து காட்டியவர்.

அந்தப் பாலத்தில்தான் சறுக்கினார். ஒப்பந்தக்காரர் லஞ்சமாகக் கொடுத்த நிலத்தை வாங்கி மச்சான் பேரில் எழுதிவைத்தார். மச்சான், அதாவது மனைவியின் தம்பி, அவருக்கு உதவியாளன். மாமா நீட்டிய தாளில் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறவன். வழக்கு வந்தபோது அவனும் குற்றவாளியானான். அவன் வீட்டில் நிறைமாத மனைவி.

வக்கீல் அவனை வைத்துக்கொண்டே சொன்னார்: "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, மச்சான்தான் உங்க பேரைச் சொல்லி வாங்கிட்டான்னு சொல்லுங்க சார். நீங்க வெளிய வந்துடலாம்."

மச்சான் மாமாவின் முகத்தையே பார்த்தான்.

கம்பம் சிரித்தார். "இவனா? ஒரு சட்டை எடுக்கவே அக்காவைக் கூட்டிட்டுப் போறவன். நிலம் வாங்கினான்னா நீதிபதியே சிரிச்சிடுவாரு."

"விளையாட்டு இல்ல சார். கட்சியே உங்களைக் கைகழுவிடுச்சு."

"கழுவட்டும். தின்ன கை என்னுதுதானே."

நீதிமன்றத்திலும் அதே குரல்தான். "வாங்கினேன்யா. தப்புதான். பாலம் கட்டினதைக் காட்டித் தப்பிக்க மாட்டேன். இவனுக்கு எதுவும் தெரியாது, கையெழுத்துப் போடுன்னு சொன்னேன், போட்டான்."

தீர்ப்பில் மச்சானுக்கு விடுதலை. அவருக்கு நாலு வருஷம் சிறை. பதவியும் அன்றே போனது.

வெளியே வராந்தாவில் போலீஸ்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கய்யா, உத்தரவுக் காகிதம் வர நேரமாகும்."

கம்பம் திரும்பிப் பார்த்தார். மச்சான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தண்டனை எனக்கு, நடுக்கம் இவனுக்கு! மாப்ள, நீ உக்காரு."

அவன் உட்கார்ந்தான்.

"மாமா..."

"சொல்லு" என்றார், நின்றுகொண்டே.