படகில் தூங்கியவர்

வேலைக்கு நடுவே மச்சானோடு வாய்ச்சண்டை போடாவிட்டால் தையல்காரருக்குப் பொழுதே போகாது. அன்றைக்கு இயேசு மாட்டிக்கொண்டார்.

“பைபிள்ல பாரு, கடல் கொந்தளிக்குது, படகுல தண்ணி ஏறுது, அவர் பாட்டுக்குத் தூங்குறார். அசந்து தூங்குறவர் எப்படி மச்சான் கடவுளாவார்?” மிஷினை நிறுத்திவிட்டே கேட்டார்.

துணி வெட்டிக்கொண்டிருந்த மச்சான் கத்தரியைப் பட்டென்று வைத்தான். “வெறும் மனுஷனா இருந்தா அந்தப் புயல்ல தூக்கம் வருமா மாமா?”

தொட்டிலில் குழந்தை வீலென்று அலறியது. மூலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த தையல்காரரின் மனைவிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“எவ்வளவு வேணா சண்டை போடுங்க, மிஷினை நிறுத்தாதீங்க! அந்தச் சத்தம் கேட்டாத்தான் அப்பா பக்கத்துல இருக்காருன்னு அவ தூங்குவா.”

தையல்காரர் அவசரமாக மிதித்தார். கடகடவென்று மேஜையும் தரையும் தொட்டிலும் அதிர்ந்தன. குழந்தை ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனது.

இருவரும் தொட்டிலை எட்டிப் பார்த்தார்கள். படகில் தூங்கியவருக்கும் அந்தப் புயல் இரைச்சலில் தன் அப்பா இருப்பது கேட்டிருக்குமோ என்று தையல்காரருக்குத் தோன்றியது. மச்சானின் முகத்திலும் அதே நினைப்பு ஓடியது.

“நான் சொன்னதுதானே சரி!” என்றார்கள் இருவரும் ஒரே மூச்சில்.

இந்தத் தடவை தையல்காரர் மிதிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.