சீனி மீரானின் நூற்று நாற்பத்திரண்டாவது வயது

கீழக்கரையில் ஜுனைதா வீட்டில் வருஷா வருஷம் ரஜப் மாதம் இறந்தவர்களுக்காகக் கத்தம் ஓதுவார்கள். ஓதி முடித்ததும் அந்த வீட்டில் மௌத்தானவர்களின் பெயர்களை லெப்பை ஒவ்வொன்றாக வாசிப்பார். எல்லோரும் ஆமீன் சொல்வார்கள். பிறகு சஹன் என்ற பெரிய சாப்பாட்டுத் தட்டு வரும், சஹனுக்கு நாலு பேர் என்று சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

பட்டியலில் இருபத்து மூன்று பெயர்கள். முதல் பெயர் பாத்துமுத்து. ஜுனைதாவுக்குப் பூட்டி, அதாவது உம்மாவின் உம்மாவைப் பெற்றவள். அவளுக்குக் கீழே அவள் மகள், மருமகன், பேத்தி, பேத்தி மாப்பிள்ளை என்று வரிசையாகப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அவளுடைய கணவர் சீனி மீரானின் பெயர் மட்டும் கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதில் கப்பலேறிப் போனவர் திரும்பவில்லை. "சேதி வராம அவரு பேர மௌத்துல சேக்கக் கூடாது" என்று பாத்துமுத்து சொல்லிவிட்டாள். சொன்னவளே பட்டியலில் முதல் ஆளாகிவிட்ட பிறகும் அந்தச் சொல்லை யாரும் மீறவில்லை.

ஆகவே வீட்டுச் சட்டப்படி சீனி மீரான் உயிரோடு இருக்கிறார். இப்போது வயது நூற்று நாற்பத்திரண்டு.

இப்படி வயதைக் கணக்குப் பார்த்துச் சொன்னவர் ஜுனைதாவின் தம்பி தாஹா. சவூதியில், தம்மாமில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இந்த ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். "எனக்கு பொறந்த வீட்டுலயும் விருந்தாளிச் சாப்பாடு, பொண்டாட்டி வீட்டுலயும் விருந்தாளிச் சாப்பாடு. நடுவுல இருபத்தேழு வருஷம் மெஸ் சாப்பாடு" என்று சொல்லிச் சிரிப்பார். அவர் சிரிக்கும்போது மற்றவர்களும் சிரிப்பார்கள். மகள் சஃபாவின் நிக்காஹ்வை அவர் கம்ப்யூட்டர் திரையில் பார்த்ததும், பாதியில் படம் நின்று போனதும்கூட அவர் சொன்னால் சிரிப்புக் கதைதான்.

சீனி மீரான் விட்டுப்போன தடயம் ஒரே ஒரு தபால் அட்டை. முன்பக்கம் புகைபோக்கிகள் நிறைந்த ஒரு துறைமுகப் படம். பின்பக்கம் அரபு எழுத்தில் தமிழ். தபால் முத்திரையில் கிரீனாக் என்று ஊர்ப் பெயர். ஸ்காட்லாந்தில் இருக்கிறது. குடும்பத்தில் அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்த கடைசி ஆள் ஜுனைதா. நாலே வரி: 'நான் சுகம். இங்கே குளிர். குழந்தையை முத்தமிட்டேன் என்று சொல்லவும். வாற ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஊரில் இருப்பேன், இன்ஷா அல்லாஹ்.'

தாஹாவைப் பிடித்து ஆட்டியது அந்த நாலாவது வரிதான். அது அவருக்குத் தெரிந்த வரி. தம்மாமிலிருந்து மனைவி ருக்ஸானாவுக்கு அதே வரியை அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! ஒவ்வொரு தடவையும் மனசாரத்தான் சொன்னார். ஊரிலோ சீனி மீரானுக்கு நல்ல பெயர் இல்லை. வரமாட்டான் என்று தெரிந்த ஆளைப் பற்றி, "சீனி மீரான் மாதிரி வாரேங்கிறான்" என்பார்கள். பூட்டனார் பொய்யர் இல்லை, வர நினைத்த மனிதர், வழியில் மௌத்தாகிவிட்டார் என்று எங்காவது யாராவது எழுதி வைத்திருப்பார்கள். அந்தத் தேதியைக் கண்டுபிடித்து, ராத்தா ஜுனைதா வீட்டுக் கத்தத்தில் அந்தப் பெயரை வாசிக்க வைத்துவிட வேண்டும். தாஹாவின் ஆசை அவ்வளவுதான்.

ஸ்காட்லாந்து இதற்கு நல்ல இடமாக இருந்தது. அங்கே ஒருவர் செத்தால் எழுதும் பதிவில் தகப்பன் பேர், தாய் பேர், கட்டியவள் பேர் எல்லாம் உண்டு. பழைய பதிவுகளை இணையத்திலேயே பார்க்கலாம். "செத்தா அங்கன போயித்தான் சாகணும் ராத்தா. ஒண்ணையும் விடாம எழுதுறானுங்க" என்றார் தாஹா. கிரீனாக்கில் குடும்ப வரலாறு தேடுகிறவர்களின் சங்கம் ஒன்று இருந்தது. அதில் மோராக் என்று ஓய்வுபெற்ற ஆசிரியை. தாஹாவின் மின்னஞ்சலுக்கு முதல் நாளே பதில் போட்டார். அதிலிருந்து இரண்டு வருஷமாக இரண்டு பேரும் சேர்ந்து தேடினார்கள். ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் மோராக் அங்கே மழை என்று எழுதுவார். தாஹா இங்கே வெயில் என்று எழுதுவார். இந்த இரண்டு சேதிகளும் ஒருநாளும் மாறியதில்லை.

ஒரு தடவை கிடைத்தும் விட்டார். டண்டீ என்ற ஊரில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில், மீரா என்று ஒரு இந்தியக் கப்பல் தொழிலாளி, வயது முப்பது, காய்ச்சல். தாஹா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஜுனைதா மூன்று மாதம் தொழுகைக்குத் தொழுகை துஆ கேட்டாள். பிறகு அந்தக் கப்பலின் ஆள் பட்டியலை மோராக் தேடி எடுத்தார். அந்த மனிதர் வங்காளத்துச் சிட்டகாங்காரர்.

"யாரு பெத்த புள்ளையோ, அவருக்கும் யாராச்சும் கேக்கணும்ல" என்று ஜுனைதா அதோடு விட்டுவிட்டாள். பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் உக்கிரபாண்டி விடவில்லை. கடைக்குள் தாஹா கால் வைத்தாலே போதும்.

"என்ன பாய், ஒங்க பூட்டனாருக்கு இன்னுமா லீவு கெடைக்கல?"

"மொதலாளி பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டாராம்ப்பா."

"நூத்துப் பதினாறு வருஷமாவா?"

"பின்னே, எனக்கே ஒருத்தரு நாலு வருஷம் வச்சிருந்தாரு."

இந்த வருஷக் கத்தத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தாஹா ராத்தா வீட்டுக்குப் போனார். ஜுனைதா தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தாஹா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவ்வளவுதான் ராத்தா. ஒம்பதுல இருந்து இருபது வரைக்கும் செத்தவுக ஏடு பூராம் பாத்தாச்சு. கிரீனாக்கு, கிளாஸ்கோ, கடல்ல செத்தவுக ஏடு. ஆளு இல்ல. இதுக்கு மேல தேடுனா மோராக்கம்மா என்னையும் சேத்து ஒரு ஏட்டுல எழுதிருவாக."

"இருபதோட ஏன் நிறுத்துன?"

"அதுக்கு மேல என்னத்த? பெருநாளைக்கு வாரேன்னு எழுதுன ஆளு வரல. போன கொஞ்ச நாள்லயே மௌத்தாயிருக்கணும். இல்லாட்டி வந்திருப்பாரு."

ஜுனைதா கத்தியைக் கீழே வைத்தாள். கண்ணில் தண்ணீர். வெங்காயத் தண்ணீர்தான்.

"ஏலே தாஹா, பாத்துமுத்துப் பூட்டி என்ன சொன்னா? அவரு உசுரோட இருக்காருன்னா. சாகுற வரைக்கும் அதத்தானே சொன்னா? அத ஒருத்தராச்சும் நம்புனீகளா? நீயும் நம்பல. நீ பாட்டுக்கு செத்தவுக ஏட்டுல தேடிக்கிட்டு இருக்க. உசுரோட இருக்கற மனுசன் அதுல எப்புடிக் கெடைப்பாரு?"

 சீனி மீரான் உயிரோடு இருந்தும் வராமல் இருந்திருப்பார் என்று தாஹாவுக்குத் தோன்றவே இல்லையா, அல்லது தோன்றிவிடக் கூடாது என்று இருபதோடு நிறுத்தினாரா என்பது அவருக்கே தெரியவில்லை. வீட்டுக்குப் போய் மோராக்குக்கு எழுதினார்: 'தயவுசெய்து இனி உயிரோடு இருப்பவராகத் தேடுங்கள்.' அன்றைக்கு வெயில் பற்றி எழுத மறந்துபோனார்.

பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் குடிக்கணக்கு எடுத்தபோது கிரீனாக் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், பலர் தங்கும் வாடகை வீட்டில் சீனி மீரான் இருந்திருக்கிறார். கப்பல் நெருப்பறைத் தொழிலாளி. இருபத்தொன்றிலும் அதே தெருதான். இப்போது சர்க்கரை ஆலையில் வேலை. உப்புக் கரையில் பிறந்த மனிதர், பெயரிலேயே சீனி, போய்ச் சேர்ந்தது சர்க்கரை ஆலைக்கு. மற்ற நாளாக இருந்தால் தாஹா இதை வைத்தே ஒரு வாரம் ஊரைச் சிரிக்க வைத்திருப்பார். அவர் கண் அடுத்த கட்டத்தில் நின்றுவிட்டது. திருமணமானவரா என்ற கட்டம். பதினொன்றில் 'ஆம்' என்று இருந்தது. இருபத்தொன்றிலும் அதேதான். வீட்டில் மனைவி என்று யாரும் இல்லை.

கடைசிப் பக்கம் இறப்புப் பதிவு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு, பிப்ரவரி ஒன்பது. வயது அறுபத்தைந்து. நெஞ்சுச் சளி. ஆலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி: பாத்துமுத்து, இந்தியா. தகவல் கொடுத்தது அந்த வாடகை வீட்டுக்காரரின் மகள்.

மோராக் கீழே எழுதியிருந்தார்: 'அவர் இங்கே வேறு கல்யாணம் செய்ததாக எந்தப் பதிவும் இல்லை. நான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். அந்த மகளுக்கு உங்கள் பூட்டியின் பெயர் தெரிந்திருக்கிறது. கேட்கக் கேட்கச் சொல்லியிருப்பார் போல.' மழை பற்றி அவரும் எழுதவில்லை.

தாஹா அதை ருக்ஸானாவிடம் வாசித்துக் காட்டினார். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தொம்பது வருஷம்" என்றார் தாஹா. "நான் வராமப் போயிருந்தா நீயும் இப்புடித்தான் பேரச் சேக்க விடாம இருந்திருப்பியா?"

"நானா? ரெண்டாம் வருஷமே ஆட்ட அறுத்து கத்தம் ஓதியிருப்பேன்."

"ஆடு வேறயா?"

"அதுக்கு நீங்க பணம் அனுப்பியிருக்கணும்ல" என்றவள், அவர் சட்டையை மடித்து வைத்துவிட்டு, மடித்த சட்டையையே திரும்பவும் பிரித்து மடித்தாள். "ஏன் வரலயாம்? அத எழுதியிருக்கா?"

அதை எழுதியிருக்கவில்லை. எவ்வளவு எழுதுகிற ஊரிலும் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. ஆனால் தாஹாவுக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. முதல் பெருநாளைக்குக் கப்பல் கிடைத்திருக்காது. அடுத்த பெருநாளைக்குக் கையில் ஒன்றும் இருந்திருக்காது. அதற்கடுத்து யுத்தம். அதற்குப் பிறகு வெறுங்கையோடு எந்த முகத்தோடு போவது என்று ஒரு வருஷம். அந்த ஒரு வருஷம் இருக்கிறதே, அதுதான் நீளமானது. தம்மாமில் அது தாஹாவுக்கு ஆறு வருஷம் நீடித்தது. தாஹாவுக்கு விமானம் இருந்தது. ஒரு நாள் காலையில் கோபத்தோடு ருக்ஸானா, "வந்தா வாங்க, வராட்டிப் போங்க" என்று கைப்பேசியில் கத்தினாள். அவர் அந்த வாரமே வந்துவிட்டார். சீனி மீரானைக் கத்திக் கூப்பிட யாருக்கும் வழி இல்லை.

ஜுனைதாவிடம் தாஹா எல்லாவற்றையும் சொன்னபோது அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"நாப்பத்தெட்டுன்னா சொன்ன? பூட்டி மௌத்தானது முப்பத்தொம்பதுலல்ல."

"ஆமா ராத்தா."

"அப்ப அவ சொன்னது சரிதான். அவ கண்ண மூடுற வரைக்கும் அவரு உசுரோடதான் இருந்திருக்காரு."

அப்போதுதான் தாஹாவுக்கு இன்னொன்றும் உறைத்தது. அந்தப் பதிவில் 'மனைவியை இழந்தவர்' என்று இல்லை. பாத்துமுத்து போய் ஒன்பது வருஷம் ஆகியும் அவருக்குச் சேதி போகவில்லை. கிரீனாக்கின் ஏட்டில் அவள் உயிரோடு இருந்தாள், கீழக்கரைப் பட்டியலில் அவர் உயிரோடு இருந்த மாதிரி.

ரஜப் வந்தது. உக்கிரபாண்டி கடையில் பட்டியலைப் புதிதாக அச்சடித்தார்கள். பாத்துமுத்துவுக்கு அடுத்த வரியில் சீனி மீரான். அன்றைக்கு உக்கிரபாண்டி கேலி செய்யவில்லை. காகிதத்தை ஒரு உறையில் போட்டுக் கொடுத்தான்.

கூடத்தில் ஆண்கள் உட்கார்ந்து ஓதி முடித்தார்கள். ஜெய்னுலாபுதீன் லெப்பை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாஹாவைப் பார்த்துக் கையை நீட்டினார். தாஹா உறையோடு எழுந்து, கொடுக்காமல், உள்கட்டுத் திரைச்சீலை ஓரம் போய் நின்றார். திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள்.

"ராத்தா."

"என்னடா?"

"இந்த வருஷம் வேணாமே. இப்பத்தானே கெடைச்சாரு. ஒரே ஒரு வருஷம் உசுரோட இருந்துட்டுப் போகட்டுமே. வந்த ஒடனே மௌத்துன்னு எப்புடி வாசிக்கச் சொல்றது?"

குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. ஜுனைதா திரையை விலக்கவில்லை.

"எழுவத்தேழு வருஷமா அவருக்குன்னு ஒரு துஆ இல்லடா தம்பி. இம்புட்டுத் தூரம் கூட்டியாந்துட்டு, மனுசன வாசல்லயே நிக்க வைப்பியா? உள்ள வரச் சொல்லு."

தாஹா திரும்பிப் போய் உறையை லெப்பையிடம் கொடுத்தார்.

லெப்பை வாசித்தார். "மர்ஹூமா பாத்துமுத்து." எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். அடுத்த வரியில் நின்று கண்ணாடிக்கு மேலாகத் தாஹாவை நிமிர்ந்து பார்த்தார். தாஹா தலையசைத்தார்.

"மர்ஹூம் சீனி மீரான்."

முதல் ஆமீன் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது.

சஹன் வைக்க ஆரம்பித்தார்கள். தாஹா உட்கார்ந்த சஹனில் அவரும் லெப்பையும் எதிர்வீட்டு வசீமும், மூன்று பேர்தான். பரிமாற வந்தவர் சோற்றுச் சட்டியோடு நின்று கேட்டார்.

"நாலாவது ஆளு யாரு தாஹா காக்கா? வாராகளா?"

வேறு நாளாக இருந்தால் தாஹா நாலு பதில் சொல்லியிருப்பார். இன்றைக்கு வசீம் பக்கம் கொஞ்சம் நகர்ந்து, தன் வலப்பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.