அறுபத்து நாலு பேரும் ஒரு பெரியம்மாவும்

இணையதளங்களை ஓட்டித் தருகிற மேகம் என்றால் எங்கேயோ தூரத்தில், குளுகுளுவென்று ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் என்றுதான், கண்ணுகளா, நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு திங்கட்கிழமை காலை எட்டேமுக்காலுக்கு அது மாடிப்படி ஏறி வந்து, கதவைத் தட்டி, "உள்ளே வரலாங்களா?" என்று கேட்டது.

டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. அதில் அக்காவும் தம்பியும். தீவுக்குப் போகிற படகில் இடம் பதிவு செய்கிற இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. திங்கள்தோறும் பத்து மணிக்கு அந்த வாரத்துப் பதிவு திறக்கும். ஊரே மொய்க்கும். முந்தின இரண்டு திங்களும் தளம் திறந்த கையோடு படுத்துவிட்டது.

"மூணாவது தடவையும் படுத்துச்சுன்னா வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துடுவோம்மா," என்று துறைமுக அதிகாரி சொல்லிவிட்டார். "கடிதம் அடிச்சு வச்சாச்சு. கையெழுத்துதான் பாக்கி."

வேலை போனால் அக்காவுக்கு நாத்தனாரின் ரொட்டிக்கடைதான் கதி. மூன்று வருஷத்துக்கு முன்னால் மாவுக் கையோடு கதவை அறைந்து சாத்திவிட்டு வந்த கடை அது. நாத்தனார் ஞாயிற்றுக்கிழமையே செய்தி அனுப்பிவிட்டாள்: "அண்ணி, உங்க மேலங்கியைத் துவைச்சு மடிச்சு வச்சிருக்கேன். பழைய நேரம்தான், விடிகாலை நாலு மணி."

அந்தக் கோபத்தில்தான் அக்கா அறுபத்து நாலு என்ற எண்ணைப் போட்டாள். தளத்துக்கு இடம் வாடகைக்குக் கொடுக்கிற மேகக் கம்பெனிக்காரர்களின் இணையப் பக்கத்தில் கட்டம் கட்டமாக இருக்கும். தளத்துக்கு வருகிறவர்களைக் கவனித்து அனுப்ப எத்தனை ப்ராசஸ் வேண்டும்? ப்ராசஸ் என்றால் கண்ணுக்குத் தெரியாத வேலையாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகபட்சம் எத்தனை பேர் என்று ஒரு கட்டம். சும்மா இருப்பவரை எத்தனை நிமிஷத்தில் அனுப்பிவிடலாம் என்று இன்னொன்று. முதல் வாரம் பதினாறு போட்டாள், படுத்தது. அடுத்த வாரம் முப்பத்திரண்டு, அதுவும் படுத்தது. ஆள் பத்தவில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு இந்த வாரம் அறுபத்து நாலு.

தம்பியும் தன் பங்குக்கு ஒன்று செய்திருந்தான். அவன் பூனைக்குட்டி வழியில் படுத்திருந்தால் சுற்றிக்கொண்டு போகிறவன். "சும்மா உக்காந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல துரத்துவாங்களாமே, இது என்ன அநியாயம்?" என்று அந்த ஐந்தை அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டுவிட்டான். பூஜ்யம் என்றால் யாரையும் எப்போதும் அனுப்பாதே என்று அர்த்தம்.

திங்கள் காலையில் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. "எங்கள் கட்டடத்தில் பராமரிப்பு வேலை நடப்பதால், உங்கள் ப்ராசஸ்கள் இன்று ஒரு நாள் உங்கள் இடத்துக்கே வந்து வேலை செய்யும். சிரமத்துக்கு வருந்துகிறோம்."

அக்கா அதைப் படித்து முடிப்பதற்குள் கதவு தட்டப்பட்டது.

சாம்பல் நிறச் சட்டை, ஒரே மாதிரி வகிடு, ஒரே மூஞ்சி. ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருந்தார்கள். அறையில் இருந்தது பத்து நாற்காலி. கம்பெனியிடம் அக்காவும் தம்பியும் வாடகைக்கு எடுத்திருந்த இடமும் சரியாக அவ்வளவுதான். இவர்களுக்கெல்லாம் முன்னால் வந்த, இவர்கள் சாயலே இல்லாத ஒரு குண்டுப் பெரியம்மா ஜன்னலோரத்தில் நாலு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். படகில் எந்த இடம் யாருக்கு என்பது முழுக்க அந்த அம்மாவின் தலைக்குள்தான். மற்றவர்கள் அவரைக் கேட்டுத்தான் பதில் எழுத வேண்டும்.

மிச்சம் ஆறு நாற்காலியில் மடிக்கு மடி உட்கார்ந்தது போக, மேஜைக்கடியில் சிலர், அலமாரி மேல் இருவர். மீதி முப்பது பேர் மாடிப்படியில். தளத்தில் யாரோ கேட்ட கேள்வி பிரிண்டரிலிருந்து சீட்டாக விழுந்தது: "படகு எத்தனை மணிக்கு?" அது கை மாறிக் கை மாறிக் கடைசிப் படி வரை போய், பதிலோடு கை மாறி மேலே வருவதற்குப் பதினோரு நிமிஷம் ஆயிற்று. கேட்டவர் அதற்குள் நீந்தியே போயிருப்பார்.

தம்பி தேநீர்க் கெட்டிலோடு கூட்டத்துக்குள் நீந்திக்கொண்டிருந்தான். "அண்ணே, கால் மடக்கி உக்காருங்க. உங்களுக்கு சர்க்கரை போடலாமா?"

"தெரியலை சார். நான் பொறந்தே நாப்பது நிமிஷம்தான் ஆச்சு."

"ஐயோ பாவம். ரெண்டு ஸ்பூன் போடறேன்."

ஒன்பது நாற்பதுக்கு, கழுத்தில் விசில் தொங்க ஓர் ஒல்லி மனிதர் தலைகள் மேலாகவே ஏறி உள்ளே வந்தார். கையில் ஓர் அளவுநாடா.

"நான் கம்பெனியோட இடக் காவலன் மேடம். இடம் நிரம்பிடுச்சு. பத்து மணிக்குக் கூட்டம் ஆரம்பிச்சா மூச்சு முட்டிடும். நான் விசில் ஊதி ஒருத்தரை வெளியேத்தணும்."

"தாராளமா ஊதுங்க," என்றாள் அக்கா. "அந்த அலமாரி மேல இருக்கிறவரை இறக்குங்க."

"அப்படி இல்லீங்க. அதிக இடம் யார் அடைச்சிருக்காங்களோ அவங்களைத்தான்." அளவுநாடாவைப் பெரியம்மாவைச் சுற்றிப் பிடித்தார். "இவங்கதான்."

"என்னப்பா, மறுபடியுமா?" என்றார் பெரியம்மா. கைப்பையை மூடத் தொடங்கினார். அவருக்குப் பழகிப்போயிருந்தது.

அக்காவுக்குச் சுருக்கென்றது. "மறுபடியுமான்னா? போன ரெண்டு திங்களும் தளம் படுத்தது..."

"நான்தான் மேடம்," என்றார் விசில்காரர் அடக்கமாக. "போன வாரம் பத்து மணி ரெண்டு நிமிஷம். அதுக்கு முந்தின வாரம் பத்து மணி அஞ்சு. ஆள் கூடக் கூட எனக்கு வேலை சீக்கிரம் முடிஞ்சுடுது."

கண்ணுகளா, ஆள் போதாமல் விழவில்லை தளம், ஆள் மிகுந்து விழுந்திருக்கிறது. அக்கா இரண்டு வாரமாக நெருப்பில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து மணிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிஷம். நாற்காலி பத்து. பெரியம்மாவுக்கு நாலு போனால் ஆறு. ஆளுக்கு ஒரு நாற்காலி என்றால், அவ்வளவுதான் கணக்கு.

"தம்பி, ஆறு பேர் போதும். மத்தவங்களை அனுப்பணும்."

"அக்கா! தேநீர் கொடுத்துட்டு வெளியே போன்னு சொல்றதா? அதுவும் எல்லாருக்கும் ஒரே மூஞ்சி. யாரை இருக்கச் சொல்லுவே, யாரைப் போகச் சொல்லுவே?"

"ஏண்டா, நீ இவங்களுக்கு மாப்பிள்ளை பாக்கிறியா? நாளைக்கு நாலு மணிக்கு எழுந்து மாவு பிசையப்போறது நானா நீயா?"

"நான் வேணா பிசையறேன்..."

"உன் கையால பிசைஞ்சதை அந்த நாத்தனார் என் தலையில போடுவா. நகரு!"

மேஜைக்கடியிலிருந்து ஒருவர் தலையை நீட்டினார். "சார், எங்களுக்காக வருத்தப்படாதீங்க. எங்களுக்கு உக்காந்தே இருக்கிறதுதான் கஷ்டம். முடிஞ்சு போறதுல ஒண்ணும் இல்ல. தும்மல் மாதிரி."

"வலிக்காதா?"

"தும்மினா உங்களுக்கு வலிக்குமா?"

அக்கா கணினிக்குப் போக வழி இல்லை. தம்பிதான் கடைசியில் "அண்ணே, ஒத்திக்கோங்க, அண்ணே, காலை மிதிக்காதீங்க" என்று இரண்டு கையாலும் கூட்டத்தைப் பிளந்தான். அவள் விசைப்பலகைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது ஐம்பத்தேழு. அறுபத்து நாலை அழித்தாள். ஆறு போட்டாள். தம்பியின் பூஜ்யத்தை அழித்து ஐந்து போட்டாள். சேமி என்பதை அழுத்தினாள்.

படபடவென்று தும்மல் சத்தம். படிக்கட்டில் முப்பது, அறையில் இருபத்தெட்டு. அலமாரி மேல் இரண்டு காலி தேநீர்க் குவளைகள் மட்டும் நின்றன. விசில்காரர் அளவுநாடாவைச் சுருட்டி மூலையில் சாய்ந்துகொண்டார். ஆனால் போகவில்லை.

பத்து மணி.

பிரிண்டர் சீட்டுகளைக் கக்கியது. ஆறு பேர் ஆறு சீட்டை எடுத்தார்கள். மீதி தரையில் மலையாகக் குவிந்தது. தம்பிக்கு அழுகையே வந்துவிட்டது. "அக்கா, முந்நூறு பேர் காத்திருக்காங்க! இன்னும் ரெண்டே ரெண்டு பேரைக் கூப்பிடேன்!"

அக்காவின் விரலும் அந்தக் கட்டத்துக்குமேல்தான் துடித்துக்கொண்டிருந்தது. மூலையில் விசில்காரர் விசிலை உதட்டருகே கொண்டுபோனார்.

"காத்திருக்கட்டும்," என்றாள். விரலை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டாள்.

"பன்னிரண்டாம் வரிசை, ஜன்னல்," என்றார் பெரியம்மா. எழுதி முடித்த கை அடுத்த சீட்டை எடுத்தது. "பதிமூணு, நடு." இடிபடாமல் வேலை செய்தால் கை எவ்வளவு ஓடும் என்கிறீர்கள்! மலை மேடாயிற்று, மேடு தரையாயிற்று. பத்து இருபத்தாறுக்கு, "படகு நிறைஞ்சாச்சு," என்று பெரியம்மா கைப்பையிலிருந்து விசிறியை எடுத்தார்.

தொலைபேசி அடித்தது. துறைமுக அதிகாரி.

"என்னம்மா இது? விழவே இல்லையே!" குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது. "கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து வச்சிருந்தேன். மை காய்ஞ்சு போச்சு."

"மூடி வைங்க சார்."

"மூடிடறேன். அடுத்த திங்கள் பாப்போம்." ஒரு நொடி தயங்கினார். "எனக்கே இன்னிக்கு இடம் கிடைச்சுடுச்சும்மா. இஞ்சின் பக்கத்துல. பரவாயில்ல."

சீட்டு வருவது நின்று ஐந்து நிமிஷம் ஆனதும் இரண்டு பேர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தும்மிவிட்டுப் போனார்கள். தம்பி அந்தப் பக்கம் பார்க்காமல் குவளை கழுவினான்.

"என்னம்மா, காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கே," என்றார் பெரியம்மா. "இப்பதான் இடம் இருக்கே. உக்காரு."

அக்கா உட்கார்ந்தாள். பிறகு கைப்பேசியை எடுத்து நாத்தனாருக்கு எழுதினாள்: "மேலங்கியை நீயே போட்டுக்கோ."